சீல்காரர் வீட்டு ரூட்டர்

அவருடைய வேலை எடைக்கருவிகளைச் சோதிப்பது. கடைத்தெருவில் இருக்கும் தராசுகள், மின்னணு எடைப்பெட்டிகள், பெட்ரோல் நிலையத்துக் குழாய்கள் எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை அவர் முன்னால் நின்று பதில் சொல்லியாக வேண்டும். வெல்வெட் விரித்த மரப்பெட்டியிலிருந்து பித்தளை எடைக்கற்களைக் கையுறை போட்டுக்கொண்டுதான் எடுப்பார். விரல் ஈரம் பட்டால் கல்லின் எடை கூடிவிடுமாம். எவ்வளவு கூடும் என்று எந்தக் கடைக்காரராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால், அன்றைக்கு மத்தியானம்வரை அந்தக் கடையில் வியாபாரம் நடந்த மாதிரிதான். சோதனை முடிந்ததும் கம்பியைக் கோத்து, ஈயக்குண்டைப் பொருத்தி, இடுக்கியால் ஒரே நசுக்கு. அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை யாரும் திறக்கக் கூடாது. இப்படி இருபத்தேழு வருடம் ஊரான் பெட்டிக்கெல்லாம் முத்திரை வைத்ததில் அவருக்குச் சீல்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. நேரில் யாரும் சொல்வதில்லை, ஆனால் அவருக்குத் தெரியும். உள்ளூர அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வீட்டுக்கு வந்தால் கதையே வேறு. வெளியில் எந்தப் பெட்டியையும் யாரும் திறக்கக் கூடாது என்கிற மனிதர், வீட்டில் ஒரு பெட்டியையும் மூடி இருக்க விட்டதில்லை. சுவர்க்கடிகாரம், இஸ்திரிப்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் ஒரு திருகாணியாவது குறைச்சல். "ஆபீஸ்ல மூடினதுக்கெல்லாம் சேத்து வீட்ல வந்து தொறக்கறாரு" என்று மனைவி சொல்வாள். கோபமாகச் சொல்வதில்லை. மழை பெய்கிறது என்பதைப் போல ஒரு செய்தியாகச் சொல்வாள்.

அந்த அம்மாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பெரிய மருத்துவமனை ஒன்றின் பதிவறையில் உதவியாளர். எந்த நோயாளியின் கோப்பு எந்த அடுக்கில் இருக்கிறது என்று கேட்டால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையை நீட்டுவாள். கை நீட்டிய இடத்தில் கோப்பு இருக்கும். இருபத்திரண்டு வருடத்தில் மூன்று முறை பதிவறை அதிகாரி மாறினார். மூன்று பேருக்கும் வேலை கற்றுக்கொடுத்தது அவள். மூன்று பேரும் பட்டம் வாங்கியவர்கள், அவள் வாங்காதவள், அதனால் அவர்கள் நாற்காலியிலும் அவள் முக்காலியிலுமாகக் காலம் ஓடியது. மூன்றாவது ஆள் வந்த அன்று, கோப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு "இதை எப்படிப் படிக்கறது?" என்று கேட்டானாம். அந்த வாரமே தொலைநிலைக் கல்வியில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்துவிட்டாள். வயது நாற்பத்தைந்து. படிப்பை ஆறு வருடத்துக்குள் முடித்தாக வேண்டும், இல்லையென்றால் தேறிய பாடங்களும் சேர்ந்து காலாவதி ஆகிவிடும் என்பது பல்கலைக்கழகத்தின் விதி.

ரூட்டர் விவகாரம் ஆரம்பித்தது அவளுடைய ஐந்தாவது வருடக் கடைசியில். ஒருநாள் காலை எழுந்து பார்த்தால் வீட்டு வைஃபையின் பெயர் மாறியிருந்தது. சீல்காரர் இணைப்பு நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டார்.

"நாங்கதான் சார் மாத்தினோம். பாதுகாப்புக்காக எல்லாருக்கும் மாத்தறோம்" என்றது ஒரு இளம் குரல்.

"என் வீட்டுக்குள்ள இருக்கற பெட்டியை நீங்க எப்படி மாத்துவீங்க?"

"அது எங்க பெட்டி சார்."

"என் வீட்டு அலமாரி மேல இருக்கு."

"அலமாரி உங்களுதுதான் சார்" என்றது குரல், மிகுந்த மரியாதையோடு.

சீல்காரருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் முத்திரை வைத்த பெட்டியை அவரே மறுநாள் போய் ரகசியமாகத் திறந்து பார்த்ததில்லை. இவர்களோ முத்திரையும் வைத்துவிட்டு, பின்பக்க வழியாக உள்ளே போய் வந்துகொண்டும் இருக்கிறார்கள். நினைத்த நேரத்தில் பெட்டியை அணைத்துப் போடுகிறார்கள், கேட்டால் புதுப்பித்தல் என்கிறார்கள். உள்ளே என்ன ஓடுகிறது என்று யாருக்கும் காட்டுவதும் இல்லை. இது எடைக்கல்லைப் பூட்டிய அறையில் வைத்துக்கொண்டு வெளியே எடை மட்டும் கத்திச் சொல்லும் கடை என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

அப்புறம் ஒரு மாதம் படித்தார். ரூட்டர் என்கிற பெட்டியை உள்ளிருந்து ஆட்டி வைப்பது ஃபர்ம்வேர் என்கிற மென்பொருள். நிறுவனம் வைத்துத் தரும் ஃபர்ம்வேரை அழித்துவிட்டு, உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, அதன் மூலவரிகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்தே வைத்திருக்கும் வேறொரு ஃபர்ம்வேரை ஏற்றிக்கொள்ளலாம். இதைப் படித்த இடத்தில் சீல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மூலவரிகளைப் படித்தால் அவருக்கு ஒரு மண்ணும் புரியாது என்பது வேறு விஷயம். திறந்திருக்கிறது, அவருக்கு அது போதும்.

நிறுவனத்தின் ரூட்டரைக் கழற்றித் துணியில் சுற்றிப் பரணில் போட்டார். புது ஃபர்ம்வேர் ஏற்கக்கூடிய ஒரு ரூட்டரைப் பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்தார். அடியில் ஒட்டியிருந்த சீட்டில் மாடல் எண்ணையும் அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த பதிப்பு எண்ணையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பதிப்பு மாறினால் பெட்டி செத்துப் போகும் என்று படித்திருந்தார். ஃபர்ம்வேர் கோப்பை இறக்கியதும், அது வழியில் சிதையாமல் வந்திருக்கிறதா என்று பார்க்க அறுபத்து நான்கு எழுத்துகள் கொண்ட ஒரு சரிபார்ப்புக் குறியை ஒப்பிட வேண்டும். கணினியே ஒரு நொடியில் ஒப்பிட்டுச் சொல்லும். சீல்காரர் அதை நம்புகிற ஆளா? அலுவலகத்தில் ஒருவர் வாசிக்க இன்னொருவர் குறிப்பதுதான் முறை. ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

"ஏ... மூணு... எஃப்... ஒம்போது..." என்று அவள் வாசித்தாள். அவர் பென்சிலால் ஒவ்வொன்றாகக் குறித்தார். நாற்பதாவது எழுத்தில் அவளுக்குத் தும்மல் வந்தது. மறுபடி முதலிலிருந்து.

எல்லாம் சரியாக ஏற்றி முடித்தார். விளக்குகள் சிமிட்டின, நின்றன. கைபேசியில் வைஃபை பெயரைத் தேடினார். இல்லை. அணைத்துப் போட்டார். இல்லை. பெட்டி செத்துவிட்டது என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் சுற்றினார். மூன்றாம் நாள்தான் வழிமுறைப் பக்கத்தின் முதல் பத்தியைப் படித்தார். புதிதாக ஏற்றினால் வைஃபை அணைந்தே இருக்கும், நாமாகத்தான் உயிர்ப்பிக்க வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. பெட்டி அதுபாட்டுக்கு நன்றாகத்தான் இருந்தது. அவர் பத்தாவது பத்தியிலிருந்து படிக்க ஆரம்பித்திருந்தார், அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த ஃபர்ம்வேரில் ஒரு குறையும் இல்லை. விட்டிருந்தால் அருமையாக ஓடியிருக்கும்.

சீல்காரருக்குக் கை சும்மா இருந்தால்தானே? உள்ளே போனால் இருநூறு விசைகள், ஒவ்வொன்றையும் திருப்பலாம். இருபத்தேழு வருடம் ஒரு விசையையும் திருப்பக் கூடாது என்று ஊரையே மிரட்டி வைத்திருந்தவரின் கைக்கு இருநூறு விசை ஒரே நாளில் வந்தால் என்ன ஆகும்? விளம்பரத் தடுப்பான் போட்டார். அது விளம்பரத்தோடு சேர்த்துப் பல்கலைக்கழகத்தின் பாட இணையதளத்தையும் தடுத்தது. அலைவரிசையைச் செவ்வாய்க்கிழமை ஒன்றுக்கும் வியாழக்கிழமை இன்னொன்றுக்கும் மாற்றினார். புது பதிப்பு வந்தால் ஏற்றினார். வராவிட்டால், இன்னும் முடிக்கப்படாத சோதனைப் பதிப்பை ஏற்றினார். ஏற்றும்போதெல்லாம் பெட்டி ஒருமுறை அணைந்து எழும்.

"ஒரு நிமிஷம், ரீஸ்டார்ட் பண்றேன்" என்று உள்ளறையிலிருந்து குரல் கொடுப்பார்.

"கிளாஸ்ல இருக்கேங்க" என்று இந்தப் பக்கத்திலிருந்து குரல் வருவதற்குள் பெட்டி அணைந்திருக்கும்.

இப்படி இரண்டு மாதம். பிறகு இந்தப் பக்கத்திலிருந்து குரல் வருவது நின்றது. சீல்காரர் அதைக் கவனித்தார். நல்லவேளையாகப் பெட்டி ஒரு நிலைக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். அவர் வேலையில் புகார் இல்லையென்றால் கருவி சரி என்று அர்த்தம்.

சனி, ஞாயிறு மத்தியானங்களில் மனைவி ஒரு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அக்கா வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று கீழே இறங்கிப் போவாள். அக்கா என்பது கீழ்த்தளத்தில் குடியிருக்கும் தையல்காரர். தனியாள், கூடத்திலேயே இரண்டு இயந்திரம் போட்டுத் தைப்பவர். சீல்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்பார். சட்டைக்கு அளவு கொடுக்கப் போகிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஒரு சட்டைக்கு ஐந்து மாதமா அளவு கொடுப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஆறாவது வருடம் முடியப் போகிறது. எல்லாத் தாள்களும் தேறிவிட்டாள். மிச்சம் இருந்தது ஆய்வறிக்கை மீதான நேர்முகத் தேர்வு மட்டும். அதுவும் வீடியோவில்தான், மூன்று பேராசிரியர்கள் கேள்வி கேட்பார்கள். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, நான்கு சுவரையும் கேமராவில் சுற்றிக் காட்ட வேண்டும். இணைப்பு அறுந்தால் இரண்டு நிமிடம் கொடுப்பார்கள். அதற்குள் திரும்பி வராவிட்டால் வரவில்லை என்று எழுதிவிடுவார்கள். அவளுக்கு அடுத்த தவணை என்று ஒன்று கிடையாது. ஆறு வருடமும் ஒரு புதன்கிழமை காலை பத்து மணியில் வந்து நின்றது.

சீல்காரருக்கு உற்சாகம் பிடிபடவில்லை. இத்தனை நாள் கற்ற வித்தைக்கெல்லாம் வேளை வந்துவிட்டது. மனைவியின் லேப்டாப்புக்கு முன்னுரிமைப் பாதை போட்டுக் கொடுப்பது, மற்ற எல்லாம் வழிவிட்டு நிற்பது என்று திட்டம் போட்டார். எவ்வளவு அகலப் பாதை வேண்டும் என்று தெரிய வேண்டுமே? எந்தக் கருவி எவ்வளவு இழுக்கிறது என்று மாதக்கணக்கில் பதிவு செய்யும் ஒரு செயலியைப் பெட்டியில் ஏற்கெனவே வைத்திருந்தார். திறந்து பார்த்தார்.

அவருடைய கைபேசி ஏராளம். அவருடைய கணினி அதைவிட ஏராளம். மனைவியின் லேப்டாப், போன மாதம், சுழியம்.

அதற்கு முந்தின மாதம் பார்த்தார். சுழியம். ஐந்து மாதம் பின்னால் போனார். ஐந்தும் சுழியம்.

முதலில் கருவிமேல்தான் சந்தேகம் வந்தது, அதுதான் அவர் தொழில் தர்மம். எடை அளவு தெரிந்த கல்லை வைத்துத் தராசைச் சோதிப்பதுபோல, சரியாக ஐந்நூறு மெகாபைட் உள்ள ஒரு கோப்பைத் தன் கைபேசியில் இறக்கினார். பதிவு ஐந்நூறும் கொஞ்சமும் காட்டியது. மறுபடி இறக்கினார். மறுபடியும் அதே. மூன்று முறை செய்து சராசரி எடுத்து, பிழை அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதினார். தராசு சரியாக இருந்தது. சரக்குத்தான் அங்கே இல்லை.

மனைவி வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டார். "உன் லேப்டாப் ரிப்பேரா?"

"இல்லையே."

"அஞ்சு மாசமா நம்ம லைன்ல அது வரவே இல்லை."

அவள் கைப்பையைக் கொக்கியில் மாட்டினாள். மறைக்க யோசிக்கிறவள் போல இல்லை, எந்த அடுக்கில் வைத்தோம் என்று நினைவுபடுத்திக்கொள்கிறவள் போல நின்றாள்.

"நான் அக்கா வீட்லதாங்க கிளாஸ் பாக்கறேன்" என்றாள்.

"அங்க என்ன ரூட்டர்?"

இந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கக் கூடாது. ஏன் அங்கே போனாய் என்றுதான் எந்த மனிதனும் கேட்பான். ஆனால் வாயில் இதுதான் வந்தது.

"கம்பெனிக்காரன் மாட்டிட்டுப் போனதுதான். அதுமேல ஒரு விரல் தூசு இருக்கு. அக்கா அதைத் தொட்டதே இல்ல. கிளாஸ் நேரத்துல மட்டும் மெஷினை நிறுத்தி வெச்சிட்டுப் பித்தான் தைப்பாங்க."

சீல்காரருக்கு முகம் சுண்டிப்போனது. ஊரைக் கொள்ளையடிக்கிறது, உள்ளே எட்டிப் பார்க்கிறது என்று யாரை ஒரு வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தாரோ, அவர்களுடைய பெட்டியில்தான் அவர் மனைவி படித்து முடித்திருக்கிறாள். அதைவிட, அவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது வலித்தது. சொல்லியிருந்தால் சரிசெய்திருப்பேனே என்று வாய்வரை வந்தது. சரிசெய்தது போதும் என்றுதான் அவள் போயிருக்கிறாள் என்பது கொஞ்சம் தாமதமாகப் புரிந்தது.

"அப்ப புதன்கிழமை?" என்றார் கடைசியில்.

"அதாங்க யோசனை. அக்கா வீட்ல முடியாது. பள்ளிக்கூடச் சீருடை சீசன், கூடத்துல ஆள் வந்துட்டே இருப்பாங்க. அறையில யாரும் இருக்கக் கூடாதுங்கறாங்க."

"நம்ம வீட்லயே பண்ணு. நான் எல்லாம் ரெடியா..."

"நீங்க ரெடி பண்ணாதீங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "வீட்லதான் பண்ணப் போறேன். ஆனா இன்னையிலிருந்து நீங்க அதுல கை வெக்கக் கூடாது. பாஸ்வேர்டை எங்கிட்ட குடுத்துடுங்க. புதன்கிழமை காலையில நீங்க வீட்லயே இருக்கக் கூடாது."

வேறொருவர் என்றால் சரி என்று ஒரு துண்டுத்தாளில் பாஸ்வேர்டைக் கிறுக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். சீல்காரருக்குப் பொறுப்பை ஒப்படைப்பது என்றால் அதற்கு முறை இருக்கிறது. முன்பு இருந்த மண்டலத்தை விட்டு இந்த மண்டலத்துக்கு மாற்றலாகி வந்தபோது எடைக்கல் பெட்டியை எப்படி ஒப்படைத்தாரோ அப்படித்தான் எதையும் ஒப்படைப்பார். ஒரு முழுத்தாளை எடுத்துக் கோடு போட்டார். ரூட்டர் ஒன்று, நல்ல நிலையில். மின்மாற்றி ஒன்று. நீல நிறக் கேபிள் ஒன்று, முனையில் கிளிப் உடைந்தது. பாஸ்வேர்ட், உறையில், ஒன்று. மேற்கண்டவற்றின் முழுப் பொறுப்பும் இன்றைய தேதி பிற்பகல் முதல் மறு உத்தரவு வரும் வரை ஒப்படைக்கப்படுகிறது. ஒப்படைத்தவர் கையெழுத்து, பெற்றுக்கொண்டவர் கையெழுத்து.

மனம் கனத்துப் போயிருந்தது, கை மட்டும் பழக்கப்பட்ட வரிகளை அதுபாட்டுக்கு எழுதிக்கொண்டு போனது. அவள் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பதிவறைக்காரி அல்லவா? தாளின் வலது மேல் மூலையில் ஒரு எண் போட்டு, மருத்துவச் சீட்டுகளும் வீட்டு வாடகை ஒப்பந்தமும் இருந்த கோப்பில் செருகினாள்.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு அவர் கீழே தையல்காரர் வீட்டில் போய் உட்கார்ந்தார். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லியிருந்தார். கூடம் முழுக்க நீலத்துணி. மூன்று அம்மாக்கள் பிள்ளைகளின் அளவுச்சட்டையோடு காத்திருந்தார்கள். சுவரோரம் நூல்கண்டுப் பெட்டிகளுக்கு நடுவில் அந்த ரூட்டர் இருந்தது, சொன்ன மாதிரியே ஒரு விரல் தூசோடு. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதிரியை முதன்முதலாக நேரில் பார்ப்பவரைப் போல அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து மணி ஆயிற்று. பத்து ஐந்து ஆயிற்று. மேலே ஒரு சத்தமும் இல்லை. இரைச்சல் எந்த அலைவரிசையில் இருக்கிறதோ, பக்கத்து வீட்டுக்காரன் எதையாவது இறக்கிக்கொண்டிருக்கிறானோ? கைபேசியை எடுத்தார். மேல்வீட்டு வைஃபை கீழேவரை எட்டியது, இரண்டு கோடு காட்டியது. ஒரே ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். பார்ப்பது கை வைப்பதில் சேராது என்று தனக்குத்தானே ஒரு விளக்கம் கொடுத்துக்கொண்டு, ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பாஸ்வேர்டை அடித்தார்.

தவறான பாஸ்வேர்ட் என்றது.

ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து மறுபடி அடித்தார். தவறு. மூன்றாவது முறையும் தவறு என்றதும், கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தார். தையல்காரர் வாயில் குண்டூசியைக் கடித்தபடி இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசியை எடுத்துத் திண்டில் குத்திவிட்டு, "மாத்திட்டுத்தான் உக்காருவேன்னு சொன்னாங்க" என்றார்.

"நான் சும்மா பாக்கத்தான்..."

"அதையும் சொன்னாங்க. சும்மா பாக்கத்தான்னு சொல்வாருன்னு."

காத்திருந்த அம்மாக்களில் ஒருத்தி சிரிப்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அவருக்கு அசடு வழிந்தது. ஊரில் எத்தனை கடைக்காரர்கள் அவர் முன்னால் இப்படி வழிந்திருப்பார்கள்.

தையல்காரர் இயந்திரத்தை மிதிக்காமல் கையை மேசைமேல் வைத்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. முதல் தடவை இங்க வந்த அன்னைக்கு அவங்க லேப்டாப்பைத் தொறந்தபடியே ரெண்டு கையிலயும் ஏந்திட்டு மாடிப்படி இறங்கி வந்தாங்க. கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் பேச வேண்டிய நாளாம். மூணு வாரமா எழுதி எழுதிப் பாத்தாங்களாம். பேச ஆரம்பிச்சதும் லைன் போயிடுச்சு. இங்க வந்து மாட்டறதுக்குள்ள வாத்தியார் அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாரு. அந்த ஓரத்துல உக்காந்து அழுதாங்க. நான் ரூட்டர் ரிப்பேரான்னு கேட்டேன். ரிப்பேரெல்லாம் இல்லக்கா, அவரு நல்லாத்தான் வெச்சிருக்காரு, நான்தான் நடுவுல வந்துடறேன்னாங்க."

சீல்காரர் அந்த ஓரத்தைப் பார்த்தார். நூல்கண்டுகளும் ஒரு பிளாஸ்டிக் முக்காலியும் இருந்தன. எந்த நாளாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். அவருக்குத் தேதியே கண்டுபிடிக்க முடிந்தது. சோதனைப் பதிப்பு ஏற்றி, அது ஒரே முயற்சியில் எழுந்து நின்று, அவர் தனியாக உட்கார்ந்து சந்தோஷப்பட்ட ஞாயிற்றுக்கிழமை. தண்ணீர் வேண்டுமா என்று தையல்காரர் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார், வேண்டும் என்றா வேண்டாம் என்றா தெரியாதபடி.

பத்து ஐம்பதுக்கு மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஓடி வருகிற சத்தம் இல்லை. மனைவி வாசலில் வந்து நின்றாள். கையில் லேப்டாப் இல்லை.

"முடிஞ்சுதுக்கா" என்றாள். பிறகு அவரைப் பார்த்து, "பாஸ்னு வாயாலயே சொல்லிட்டாங்க" என்றாள். சொல்லிவிட்டு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். தையல்காரர் எழுந்து போய் அவள் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துக்கொண்டார். சீல்காரரும் எழுந்தார். எங்கே நிற்பது, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நீலத்துணிக் குவியலுக்கு நடுவில் நின்றார்.

"லைன் கட் ஆச்சா?" என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த பாசம் அந்த ரூபத்தில்தான் வந்தது.

"இல்லைங்க. ஒரு தடவைகூட இல்ல."

இரண்டு நாள் கழித்து, தோஷம் தீர்ந்த மனிதனைப் போலப் பேச்சோடு பேச்சாக, "அந்தப் பாஸ்வேர்டை மறுபடி எங்கிட்ட குடுத்துடு" என்றார். அவள் போய்க் கோப்பை எடுத்து வந்தாள். தாளை உருவி, ஒரு வரியின் மேல் விரலை வைத்து அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். மறு உத்தரவு வரும் வரை. அவர் கையெழுத்து, அவர் போட்ட தேதி.

"அது சும்மா வழக்கமா எழுதறதும்மா. புதன்கிழமை வரைக்கும்னு அர்த்தம்."

"அப்படி எழுதலையே."

"சரி, இப்ப மறு உத்தரவு நான் போடறேன்."

"பொறுப்பை ஒப்படைச்சவரே எப்படிங்க உத்தரவு போட முடியும்? மேலிடத்துல இருந்து இல்ல வரணும்?"

அவர் யோசித்தார். விதிப்படி அவள் சொன்னது சரி. இருபத்தேழு வருடத்தில் விதிப்படி சரியான ஒன்றை அவர் மறுத்ததில்லை. இந்த வீட்டில் தனக்கு மேலிடம் யார் என்றும் ஒரு கணம் யோசித்துப் பார்த்தார். விடை கிடைத்ததும் அதற்குமேல் பேச்சை வளர்க்கவில்லை.

மாதம் ஒன்று போயிற்று, இரண்டும் போயிற்று. மனைவி பட்டச் சான்றிதழின் நகலை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு நாற்காலிக்குக் காத்திருந்தாள். சீல்காரர் கடைகளுக்குப் போனார், குண்டை நசுக்கினார், வீட்டுக்கு வந்தார். வீட்டில் லைன் அறுவதே இல்லை. செய்தி பார்த்தால் பாதியில் நிற்பதில்லை, உறவுக்காரர்கள் வீடியோவில் வந்தால் உறைந்து போவதில்லை. அவர் ஃபர்ம்வேர்தான், அவர் பெட்டிதான். அவர் காலத்தில் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் ஓடியது கிடையாது. அவள் ஏதோ ஒரு விசையைக் கண்டுபிடித்திருக்கிறாள், இருநூறில் அவர் கண்ணுக்குத் தப்பிய ஏதோ ஒன்று. நேரடியாகக் கேட்கத் தன்மானம் இடம் கொடுக்கவில்லை. இரண்டரை மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அதற்குமேல் தாங்கவில்லை. குறிப்பேடும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வந்து, துணி மடித்துக்கொண்டிருந்தவள் எதிரே உட்கார்ந்தார்.

"நான் ஒண்ணும் தொட மாட்டேன். தெரிஞ்சுக்கறதுக்காக மட்டும் கேக்கறேன். அதுல என்னென்ன மாத்தினே?"

"பாஸ்வேர்டை."

எழுதிக்கொண்டார். "அப்புறம்?"

"அவ்வளவுதாங்க. வேற எதையும் நான் தொடல."

சீல்காரர் பென்சிலைத் தாளின் மேல் வைத்தபடி மிச்சத்துக்காகக் காத்திருந்தார். அவள் அவருடைய சட்டையை எடுத்து உதறி, கைகளைப் பின்னால் மடக்கி, அடுக்கின் மேல் வைத்தாள்.